சின்னும்மாவுக்கு யார் குரல்?

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி "இப்ப என்ன சொன்னான்?" என்று கேட்பார் அல்லவா, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே தொழிலாகச் செய்தவள் நான். நீங்களும் வீட்டில் யாருக்காவது சப்டைட்டில் படித்துச் சொல்லியிருப்பீர்கள். சொல்லிக்கொண்டிருந்ததில் நாயகன் செத்ததை நீங்கள் பார்க்காமல் விட்டிருப்பீர்கள். கடைசியில் "உன் தொணதொணப்புல படமே புரியல" என்று பேச்சும் வாங்கியிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு ஆள். எனக்கு ஒரு மாடி நிறைய.

எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த காலம். ஒரே தேவதைக் கதையை வெவ்வேறு நாட்டுக்காரர்கள் கார்ட்டூன் படமாக எடுக்கும்போது எதை மாற்றுகிறார்கள், ஏன் மாற்றுகிறார்கள் என்பது என் ஆய்வு. ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிற பெண்ணின் கதையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கதையும் அதன் அக்கா தங்கைக் கதைகளும் இல்லாத நாடே கிடையாது. படங்களை வெளிநாட்டுக் கலாச்சார மையங்கள் கொடுத்தன. புரொஜெக்டரை மாட்டுங்காவில் ஒரு சங்கத்தார் கொடுத்தார்கள். தாராவியில் ஷாகுல் காக்கா, அதாவது ஷாகுல் அண்ணன், தன் தோல் பட்டறையின் மேல்மாடியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களுக்குக் கொடுத்தார். என் பங்குக்கு நான் கொடுத்தது வாய். அது என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று செம்பூரில் என் வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

படங்கள் கொரிய மொழியிலும் செக் மொழியிலும் இருக்கும். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அந்த வேகத்துக்குப் பிள்ளைகளால் படிக்க முடியாது. அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கல்யாண வீட்டு மைக்கைக் கையில் பிடித்து, ராஜா முதல் எலி வரைக்கும் நானே பேசுவேன். தகரக் கூரையில் மழை விழுந்தால் ராஜா பேசுவது எனக்கே கேட்காது. தோலும் பசையும் கலந்த அந்த மாடியின் வாசனை, இப்போதும் எங்காவது புதுச் செருப்புக் கடையைத் தாண்டினால் என்னைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

முதல் நாள்

முதல் படத்துக்கு நான் எழுதிக்கொண்டு போன தமிழை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "மாற்றாந்தாயின் கொடுமை தாளாது அவள் மனம் வெதும்பினாள்" என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். மாடி கப்சிப்பென்று இருந்தது. கதையில் கரைந்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வெதும்பினேன். அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "தீதி, ஹிந்தி மே போலோ நா." உடனே பின்னாலிருந்து ஒரு தாய்: "ஹிந்தி தெருவுலயே கெடைக்குது. தமிழ் கேக்கத்தான் கூட்டிக்கிட்டு வந்தோம்." இரண்டு கட்சியும் மோத, நடுவில் நான் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு, எளிய தமிழ் என்றால் கொச்சைத் தமிழ் அல்ல என்று விளக்கத் தொடங்கினேன். விவாதம் என்று வந்துவிட்டால் எனக்கு எதிரே இருப்பவர்களின் வயது தெரியாது.

ஓரமாகத் தோல் துண்டுகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த ஷாகுல் காக்கா கையை நிறுத்தாமலே சொன்னார்: "பாப்பா, படத்துல அந்தப் புள்ள அழுவுதா, இல்ல டி.வி.யில நியூஸ் ஓடுதா, அதை மட்டும் சொல்லிரு."

ஆறாம் நம்பர் கால்

அடுத்த வாரத்திலிருந்து என் தமிழை மாற்றினேன். அரண்மனை பங்களா ஆயிற்று. ரதம் டாக்ஸி ஆயிற்று. மாற்றாந்தாய் என்ற சொல் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. வாப்பா ரெண்டாவதாகக் கட்டினவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "சின்னும்மா" என்று கோரஸாகச் சொன்னார்கள். அதையே போட்டேன். உலகத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் இப்படித்தானே கதையைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்குக் கண்ணாடிச் செருப்புப் படம். பட்டறைக்காரர்களும் மேலே ஏறி வந்திருந்தார்கள். செருப்புத் தைக்கிறவர்களுக்கு முன்னால் செருப்புக் கதையைப் போடுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணாடி வளையாது, ஆடினால் குதிகால் கிழியும் என்றார்கள். வளையாததால்தான் கண்ணாடி, வேறு யாரும் இழுத்துப் பிடித்துப் போட்டுக்கொள்ள முடியாதல்லவா என்றேன். சீனத்துப் படத்தில் அது தங்க நூலால் நெய்தது, கல்லில் நடந்தாலும் சத்தம் வராது, கால் சிறியதாக இருந்தால்தான் அழகு என்று பெண்களைப் படுத்திய கொடுமையெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று என் இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் மைக்கிலேயே சொல்லி முடித்தேன். விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களும் விடவில்லை.

கடைசியில் தோல் வெட்டுகிற அண்ணன் ஒருவர் படியிறங்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "கூட ஆடுனவ மூஞ்சி மறந்துபோச்சு, கால் ஆறாம் நம்பருன்னு மட்டும் ஞாபகம் இருக்காக்கும்? அவன் மாப்பிள்ளை இல்ல பாப்பா, ஆர்டர் எடுக்க வந்தவன்."

ஓட்டைப் பானை

கொரியாவில் இதே கதைக்கு வேறு முகம். சின்னும்மா ஓட்டைப் பானையைக் கொடுத்து, தொட்டியை நிரப்பு, அப்புறம் திருவிழாவுக்குப் போகலாம் என்கிறாள். ஊற்ற ஊற்ற ஒழுகுகிறது. ஒரு தவளை வந்து தன் உடம்பால் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்காருகிறது. மேல்நாட்டுப் படங்களில் தேவதை மந்திரக்கோலைச் சுழற்றி எல்லாவற்றையும் முடித்துவிடும். இங்கே ஒரு தவளை முதுகு வலிக்க உழைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி. உருக்கமாகப் பேசினேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு மைமூன் லாத்தாவைத் தெரிந்திருக்க வேண்டும்; லாத்தா என்றால் அக்கா. ஷாகுல் காக்காவின் இரண்டாவது மனைவி. முதல் மனைவி இறந்து சில வருடங்கள் கழித்து மேலப்பாளையத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். வந்து ஒரு வருடம்தான். ஹிந்தி வராது. காய்கறி வாங்கவும் துணைக்கு ஆள் வேண்டும். என் மாடியில் மட்டும்தான் எல்லாம் புரிந்தது போலிருக்கிறது, ஒரு ஞாயிறும் தவறமாட்டார். படியோரச் சுவரில் சாய்ந்து, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். காக்காவின் மகள் ஷஃப்னா முன் வரிசை. ஏழாம் வகுப்பு, ஹிந்தியில் எக்ஸ்பிரஸ், தமிழில் ஸ்லோ. உம்மா என்றால் அவளுக்கு இறந்துபோன தாய் ஒருத்திதான். சுவரோரம் இருப்பவரைக் குறிப்பிட வேண்டி வந்தால் "அவங்க" என்பாள். சின்னும்மா என்றுகூட அவள் வாயில் வராது.

தவளைக் காட்சி முடிந்து எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் லாத்தா முதல்முறையாக வாய் திறந்தார்: "தவளை அடைச்சிக்கிட்டது சரி, அந்த ஊர்ல தண்ணி எத்தனை மணிக்கு விடுவாங்க?" தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷஃப்னா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த சிநேகிதியிடம் சொன்னாள்: "படம் போயிட்டிருக்கும்போது பேசக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

அடிக்குறிப்பு

கலீனாவில், பல்கலைக்கழக வளாகத்தில், எங்கள் வகுப்பில் செமினார். ஒருவன் திரைப்படத் தத்துவம் பேசினான். ஒருத்தி வண்ணங்களின் குறியீடு பேசினாள். எந்த நாட்டுப் படத்தில் நாயகி நீலம், எந்த நாட்டில் சிவப்பு என்று படம் போட்டுக் காட்டினாள். படம் பார்த்த ஒரு பிள்ளையைக்கூட இவர்கள் கண்டதில்லை. எனக்கு எரிச்சல் மண்டிவிட்டது. எழுந்து, ஆறாம் நம்பர் கால் வாதத்தை முன்வைத்தேன். கதையின் மையமான அடையாளச் சோதனையே செல்லாது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், இதற்கு உங்கள் தத்துவத்தில் பதில் உண்டா என்றேன். தத்துவக்காரன் தன் தாள்களைப் புரட்டினான். வெற்றி என்று நினைத்தேன்.

என் வழிகாட்டி, மராத்திக்காரப் பேராசிரியை, நல்ல மனுஷி. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி பேட்டா, தோல் பட்டறைக்காரரை அடிக்குறிப்பில் எப்படிப் போடுவாய்?"

மாற்ற மாட்டேன்

ஜெர்மானிய வடிவத்தை ஒட்டி எடுத்த ஒரு படம். அதில் கல்யாணத்தன்று பறவைகள் வந்து கொடுமை செய்தவர்களின் கண்ணைக் கொத்திவிடும். "சின்னும்மா வீட்டுக்காரங்க கண்ணு போச்சு" என்று நான் மைக்கில் சொன்னதும் ஒரே கைதட்டல். படம் முடிந்து இறங்கும்போது படியில் ஒரு பெண், லாத்தாவை வைத்துக்கொண்டே, ஷஃப்னாவின் தாடையைப் பிடித்து, "உனக்கு ஒழுங்கா சோறு போடுறாங்களா மோளே?" என்று கேட்டிருக்கிறார். ஷஃப்னா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டில் சாப்பிடவும் இல்லை.

அடுத்த ஞாயிறு லாத்தா சீக்கிரமே மேலே வந்தார். நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, படத்துல வாரவளைச் சின்னும்மான்னு சொல்லாம பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லக் கூடாதா?"

"அதெப்படி லாத்தா? கதையில இல்லாததை நான் சொல்லக் கூடாது. இது ஆராய்ச்சி."

"பங்களா கதையில இருந்துச்சா? டாக்ஸி இருந்துச்சா?"

"அது மொழிபெயர்ப்பு."

"இதையும் அந்தக் கணக்குல சேத்துக்கிடுங்க."

பக்கத்து வீட்டுக்காரி என்றால் கதையின் முதுகெலும்பே போய்விடும், ஒரு வீட்டுக்குள் அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் இந்தக் கதை என்று நான் விரலை நீட்டி நீட்டி விளக்கினேன். சின்னும்மா சரியான சொல் என்று இன்றைக்கும் சொல்வேன். லாத்தா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நான் இழுத்துக்கொண்டிருந்த ஒயரின் சிக்கலை எடுத்துவிட்டபடி சொன்னார்: "உங்களுக்குப் படம் முடிஞ்சா லைட்டைப் போட்டுட்டுப் போயிரலாம். எனக்கு அதுக்கப்புறம் தட்டு வைக்கணும்லா."

நல்லவள் எந்த நாட்டில்?

சொல்லை மாற்ற மாட்டேன், ஆனால் படத்தை மாற்றலாமே. நல்ல சின்னும்மா இருக்கிற ஒரு தேவதைக் கதைப் படத்தைக் கண்டுபிடிப்பது என்று இறங்கினேன். நூலகம், கலாச்சார மையம், இணையம் எதையும் விடவில்லை. ரஷ்யாவில் அவள் பெண்ணைப் பனிக்காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறாள். ஜப்பானில் தலையில் கவிழ்த்த பாத்திரம் கழலாத பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்துகிறாள். சீனத்தில் நாயகியின் சிநேகிதனான மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிடுகிறாள். நம் நாட்டில் எடுத்த ஒன்றில் புருவத்தை உயர்த்திக்கொண்டு வந்து நிற்கிறாள், அவள் வரும்போதெல்லாம் இடி இடிக்கிறது. உடை மாறுகிறது, உணவு மாறுகிறது, செருப்பு மாறுகிறது. இவள் மட்டும் எந்த எல்லையிலும் சோதனை இல்லாமல் அப்படியே தாண்டிப் போகிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ரயிலில் குர்லாவில் மாறும்போது கைப்பிடியில் தொங்கிக்கொண்டே இதை நினைத்துப் பல்லைக் கடிப்பேன். ஒரு நாள் ஷாகுல் காக்காவிடம் கொட்டினேன். அவர் வாயிலிருந்த நூலை அறுத்தார். தன் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "எல்லா ஊர்லயும் அவதான் கெட்டவன்னா, எல்லா ஊர்லயும் கதை எழுதுனது மூத்த தாரத்துப் புள்ளைங்கதான் போல."

தொண்டை கட்டிய ஞாயிறு

கடைசியில் ஒன்று கிடைத்தது. கிழக்கு ஐரோப்பாவில் கந்தல் துணி பொம்மைகளை அசைத்து அசைத்து எடுத்த பழைய படம். அதிலும் சின்னும்மா நல்லவள் இல்லை. ஆனால் கொடியவளும் இல்லை. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஏசிக்கொண்டே இருக்கிறாள். அவள் கண்ணை யாரும் கொத்தவில்லை. கல்யாணத்துக்கும் வந்து, சமையல்காரரை ஏசுகிறாள். இதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டி அதை எடுத்துக்கொண்டு போனேன்.

மழைக்காலம். அந்த வாரம் முழுக்கச் செமினாரில் கத்தியிருந்தேன். சயான் ஸ்டேஷனில் இறங்கும்போது குரல் கரகரத்தது, மாடி ஏறி முடித்தபோது குரலே இல்லை. பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்தாகிவிட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று காக்கா சொன்னதும் எழுந்த கூச்சலில் அவரே பயந்துவிட்டார். சுவரோரம் திரும்பி, "மைமூன், பாப்பா உன் காதுல சொல்லட்டும். நீ மைக்ல சொல்லேன்" என்றார்.

"எனக்கு அதெல்லாம் வராது."

"வராதாம்லா. ஊருக்கு போன்ல பேசுற சத்தம் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கீழே கேக்குது."

லாத்தா வந்து ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். நான் காற்றுக் குரலில் காதுக்குள் சொல்ல, அவர் மைக்கில் சொன்னார். முதலில், "அந்தப் புள்ள பசிக்கலைன்னு சொல்லுது" என்று யாரோ வீட்டுச் செய்திபோலச் சொன்னார். பத்துப் பேச்சுக்குள் அந்தப் பிள்ளையாகவே பேச ஆரம்பித்துவிட்டார். என் இளவரசியைவிட அவர் இளவரசிக்கு உயிர் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

அப்போது இடுப்பில் கை வைத்த பொம்மை திரையில் வந்தது. பழக்கதோஷத்தில் சில தலைகள் சுவரோரம் திரும்பின. அங்கே ஆள் இல்லை. மைக் பக்கம் திரும்பின. ஷஃப்னா குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்க்கத் தொடங்கினாள். என் ஆய்வு நெறியெல்லாம் தொண்டையோடு போய்விட்டது. லாத்தாவின் காதில், "பக்கத்து வீட்டுக்காரின்னே சொல்லிருங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். முன் வரிசையைப் பார்த்தார். மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நான்தான் இவளுக்குச் சின்னும்மா" என்றார். பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "ஏளா, அடுப்புல பால் பொங்கி ஊத்துது, நீ ஜன்னல்ல என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே? தலை சீவுனா சீப்பு எடுத்த எடத்துக்குப் போவாது. யூனிபாரம் கழட்டுன எடத்துல கெடக்கும். டிபன் டப்பாவைக் கழுவப் போடுன்னா பைக்குள்ளேயே வச்சி திங்கக்கெழமை திறக்கே, வீடு பூரா நாறுது. தொறந்து பாத்தா பாதிச் சப்பாத்தி அப்படியே இருக்கு. அரை வயித்தோட போனா பாடம் மண்டையில ஏறுமா? இந்த மழையில கொடையை விட்டுட்டுப் போறே, காய்ச்சல் வந்தா யாருக்குளா கஷ்டம்?"

திரையில் அந்தப் பொம்மைப் பெண் பனியில் விறகு சுமந்துகொண்டிருந்தாள். டிபன் டப்பாவும் இல்லை, யூனிபாரமும் இல்லை, குடையும் இல்லை. நான் காதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன். பிள்ளைகள் பாயில் உருண்டு சிரித்தார்கள். அந்த ஏச்சு எல்லாருடைய வீட்டு ஏச்சாகவும் இருந்தது. ஷஃப்னாவின் சிநேகிதி அவளை முழங்கையால் இடித்து, "ஏய், உங்க வீட்லயும் இப்படியேவா?" என்றாள். ஷஃப்னா பாயை விட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தகரக் கூரை மழையையும் தாண்டி மைக் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "யே தோ குச் பி நை, இது ஒண்ணுமே இல்ல. எங்க உம்மா வீட்ல இதைவிட ஜோரா ஏசுவாங்க."

அதற்குப் பிறகு என் குரல் திரும்பி வந்தது, ஆனால் சின்னும்மா வேடம் எனக்குத் திரும்பி வரவில்லை. பல ஞாயிறுகள் நானும் லாத்தாவும் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்துப் பேசினோம். இப்போது காக்காவுக்குப் பெரிய ஆர்டர்கள். அந்த மாடியில் ஞாயிற்றுக்கிழமையும் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிறார்கள். திரை மாட்டிய ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. எம்.ஏ.வில் தொடங்கிய ஆய்வு பிஎச்.டி. வரை நீண்டு, நான் இப்போது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன்.

அதில் துணிபொம்மைப் படத்தின் தாராவி வடிவத்தையும் சேர்த்துவிட்டேன். டிபன் டப்பா எந்த நாட்டுக் கதையிலிருந்து வந்தது என்று தேர்வாளர்கள் கேட்டால், அடிக்குறிப்பில் ஷாகுல் காக்காவின் பட்டறைதான் இருக்கும்.